பந்தியும் ஜாபிதாவும்

(தாமலில் கூடிய பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது சாப்பாட்டு விஷயம். அதிலும் பாரீஸ் பட்டணத்தில் உள்ள ஒரு பெரிய ஹோட்டலைப் பற்றியும், அங்கே வரும் சீமான்கள் கையில் கொடுக்கப்படும் ஒயின் ஜாபிதாவைப் பற்றியும் பேசப் போகின்றோம். "தாமல் ஏரித் தண்ணீரைக் குடித்து, நெல் விளைத்துச் சாப்பிடுகிற எங்களுக்கும் பாரீஸ் ஹோட்டலுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். சம்பந்தம் இருக்கின்றது என்று காட்டுவதற்காகவேதான் இதை எடுத்துக் கொண்டோம்.

மனிதனுக்கு மனிதன் உயர்வு தாழ்வு காட்டுகிற இடங்கள் பல உண்டு. கோயிலில் காட்டுகிறான்; குளத்தில் காட்டுகிறான்; சுடுகாட்டில்கூடக் காட்டுகிறான். ஆனால் தினந்தோறும், வேளை தவறாமல் காட்டுகிற இடம் சாப்பாட்டு இடமேயாகும். ஒருவன் கோயிலுக்குப் போகாமல் இருந்துவிடலாம். சாப்பிடாமல் இருக்க முடியுமா? ஆகையால்தான் ஜாதியைக் கட்டிக் காக்க நினைத்தவர்கள் பந்தியில் வந்து உட்கார்ந்து கொண்டார்கள்.

முதலில் அந்தப் பாரீஸ் ஹோட்டலைப் பார்ப்போம். அதன் பெயர் 'தூர் தார்ழான்'. வெள்ளிக் கோபுரம் என்று அர்த்தம். சேன் நதிக் கரையில் இருக்கின்றது. 1582-ஆம் ஆண்டிலேயே ஆரம்பமானது என்று அதன் சொந்தக்காரர்கள் பெருமை சொல்லிக் கொள்ளுகிறார்கள். அங்கே வாத்துக் கறி மிகப் பிரசித்தம். 1890 முதல் பரிமாறும் ஒவ்வொரு வாத்துக்கும் நம்பர் போட்டு, சாப்பிட்டவர் கையில் அந்த நம்பர்ச் சீட்டையும் கொடுத்து அனுப்புகிறார்கள். 2003-இல் அந்த நம்பர் பத்து லட்சத்தை எட்டிவிட்டது. அங்குள்ள ஒயின் ஜாபிதாவோ சுமார் 400 பக்கம். நம் ஊர்ப் புராணப் புத்தகத்தைவிடக் கனமானது. நிலவறையில் லட்சக்கணக்கான பாட்டில்கள். 1940-இல் ஜெர்மானியர் பாரீசைப் பிடித்தபோது, ஹோட்டல்காரர்கள் நல்ல ஒயின் பாட்டில்கள் இருந்த பகுதியை மறைத்துச் சுவரெழுப்பி விட்டார்கள். 2009-இல் அந்த நிலவறையிலிருந்து 18,000 பாட்டில்களை எடுத்து ஏலம் போட்டார்கள். அவ்வளவு விற்ற பிறகும் நிலவறை காலியாகவில்லை.

இதைக் கேட்டு வாயைப் பிளக்க வேண்டியதில்லை. வாத்து வாத்துதான், திராட்சை திராட்சைதான். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. இம்மாதிரி சாப்பாட்டுச் சாலை எப்படி ஏற்பட்டது என்பதே அது.

'ரெஸ்டாரன்ட்' என்ற சொல்லுக்கு முதலில் அர்த்தம், உடம்பைத் தேற்றுகிற ஒருவகைச் சாறு என்பதாகும். 1760-களில் பாரீசில் அந்தச் சாறு விற்ற கடைகளுக்கே பிறகு அப்பெயர் நிலைத்தது. அதற்கு முன் நல்ல சமையல்காரன் பிரபுக்களின் அரண்மனையில் இருந்தான். நல்ல சாப்பாடு வேண்டுமானால் பிரபுவாகப் பிறக்க வேண்டும். அல்லது பிரபு கூப்பிட வேண்டும். இந்தச் சாப்பாட்டுச் சாலைகளோ தனித்தனி மேஜை போட்டன. பண்டத்தின் பெயரையும் விலையையும் எழுதி, வருகிறவன் கையில் கொடுத்தன. 1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வந்து பிரபுக்கள் ஓட்டம் பிடித்தார்கள். அவர்களுடைய சமையல்காரர்கள் பலர் தெருவுக்கு வந்து கடை வைத்தார்கள். சாப்பாட்டுச் சாலைகள் பெருகின.

தோழர்களே! இது சின்ன விஷயமல்ல. முன்பின் தெரியாத ஒருவன் உள்ளே நுழைகிறான். "நீ யார் பிள்ளை? உன் குலம் என்ன? கோத்திரம் என்ன?" என்று அவனை ஒருவரும் கேட்பதில்லை. ஜாபிதாவைக் கொடுக்கிறார்கள். அதில் விலை மாத்திரந்தான் எழுதியிருக்கிறது. கொடுத்தால் சாப்பாடு, கொடுக்காவிட்டால் இல்லை. வியாபாரப் புத்திதான், மறுக்கவில்லை. ஆனால் மனுதர்மத்தைக் காட்டிலும் அந்த விலை ஜாபிதா யோக்கியமானது என்றே நாம் சொல்லுவோம். ஏனென்றால், விலையை ஒருவன் சம்பாதித்துக் கொடுத்துவிட முடியும். பிறப்பை எந்தக் கடையில் போய் வாங்கிக் கொண்டு வருவது?

சரி, நம் நாட்டுக்கு வருவோம். தூரம் போக வேண்டாம். நம் ஜில்லாவிலேயே உத்திரமேரூர் இருக்கின்றது. அங்குள்ள கோயில் சுவரில் பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டிய சாசனங்கள் இருக்கின்றன. குடவோலைத் தேர்தல் நடத்திய ஊர் என்று அதைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார்கள். ஓலையைக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்தது வாஸ்தவம். வாரியப் பதவிக்குக் கால வரையறை வைத்ததும், கணக்குக் காட்டாதவனை விலக்கி வைத்ததும் மெச்சத்தக்கவை. ஆனால் யார் பெயரை ஓலையில் எழுதினார்கள்? கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதம் ஓதிய படிப்பும் உள்ளவன் பெயரைத்தான். அது பார்ப்பனருக்கு விடப்பட்ட ஊரின் சபை. யார் ஆகாதவன் என்பதற்கும் ஒரு ஜாபிதா வைத்திருந்தார்கள். அந்த ஜாபிதாவில் திருடன் இருக்கிறான்; கள் குடிக்கும் பாதகத்தைச் செய்தவன் இருக்கிறான்; தாழ்ந்தவரோடு சேர்ந்து கெட்டவன் இருக்கிறான்; தின்னத்தகாததைத் தின்று பிராயச்சித்தம் செய்துகொண்டவனும் இருக்கிறான்! ஊராரின் குளத்தையும் தோட்டத்தையும் பார்க்கும் வேலைக்கு ஒருவன் என்ன தின்றான், யாரோடு சேர்ந்தான் என்ற விசாரணை எதற்காக? ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே பந்தியும் பதவியும் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

"அது பழங்காலம், அதை ஏன் கிளறுகிறாய்?" என்பார்கள். நம் காலத்துக்கே வருவோம். சேரன்மாதேவியில் தேசபக்தர்கள் ஒரு குருகுலம் வைத்தார்கள். காங்கிரஸ் பணம் 5,000 ரூபாய் அதற்குப் போயிற்று. நாட்டுக்கு விடுதலை தேடும் பிள்ளைகளை உண்டாக்கும் இடம் என்றார்கள். அங்கே பார்ப்பனப் பிள்ளைக்குத் தனிச் சாப்பாடு. 1924, 1925-இல் இது வெளிவந்து நாடெங்கும் கிளர்ச்சியாயிற்று. பெரியார் காங்கிரசைவிட்டு வெளியேறியதும் அந்த 1925-ஆம் ஆண்டு நவம்பரில், நமக்கு அடுத்துள்ள காஞ்சீபுரத்தில் நடந்த மாநாட்டில்தான். அங்கே தகராறு வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்தைப் பற்றியது. ஆனால் அதற்கு முன்பே மனத்தைப் புண்ணாக்கி வைத்தது குருகுலத்துப் பந்தி.

ரயில்வே ஸ்டேஷன்களை எடுத்துக் கொள்ளுங்கள். ஒரே இஞ்சின் இழுக்கிறது, ஒரே டிக்கெட், ஒரே புகை. இறங்கிச் சாப்பிடப் போனால் 'பிராமணாளு'க்கு ஓரிடம், மற்றவனுக்கு ஓரிடம். இயக்கம் இடைவிடாமல் கிளர்ச்சி செய்த பிறகு 1941-இல்தான் அந்தப் பிரிவினை ஒழிந்தது. ஊருக்குள் இருந்த ஹோட்டல்களின் பலகைகளில் அந்த எழுத்து அதற்குப் பிறகும் இருந்தது. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1957-இல் ஒரு ஹோட்டலின் முன் மறியல் செய்து, மாதக்கணக்கில் நம் தோழர்கள் நூற்றுக்கணக்கில் சிறை சென்று, அப்புறமே பலகையில் ஒரு சொல் மறைந்தது. ஒரு சொல்லை அழிக்க அவ்வளவு பேர் ஜெயிலுக்குப் போக வேண்டியிருந்த நாடு இது.

சட்டம் இல்லாமல் போகவில்லை. சென்னை மாகாணத்தில் 1938-லேயே ஒரு சட்டம் வந்தது. 1950-இல் வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆவது விதி, ஹோட்டலுக்குள் போக ஜாதியைக் காட்டி எவனையும் தடுக்கக் கூடாது என்கிறது. 17-ஆவது விதி தீண்டாமையை ஒழித்துவிட்டதாகச் சொல்லுகிறது. காகிதத்தில் குறை ஒன்றும் இல்லை.

இப்போது சென்னையில் உள்ள ஒரு பெரிய ஹோட்டலைப் பார்ப்போம். மவுண்ட் ரோடுக்குப் பக்கத்தில் 'கன்னிமாரா' என்று ஒன்று இருக்கின்றது. 1854-இல் 'இம்பீரியல்' என்ற பெயரில் ஆரம்பமாகி, 1890-இல் சென்னைக் கவர்னராக இருந்தவர் பெயரைச் சூட்டிக் கொண்டது. பிறகு ஸ்பென்சர் கம்பெனி கைக்குப் போயிற்று. சீமையிலிருந்து ஒயினும் பிராந்தியும் தருவித்து விற்ற கம்பெனி அது. இன்று தாஜ் ஹோட்டல்காரர்கள் கன்னிமாராவை நடத்துகிறார்கள். அக்காலத்தில் சென்னையிலிருந்த வெள்ளைக்காரத் துரைமார்களின் குசினியில் யார் இருந்தார்கள் தெரியுமா? மாட்டையும் பன்றியையும் தொட்டுச் சமைக்க மேல்ஜாதியான் வருவானா? வரமாட்டான். சமையல்காரராகவும் பட்லராகவும் இருந்தவர்களில் ஏராளமானவர்கள் ஆதித்திராவிடத் தோழர்கள். அவர்கள் கையால் பரிமாறியதைத் துரை சாப்பிட்டான். அவர்கள் கையால் ஊற்றிய ஒயினைக் குடித்தான். அந்தத் துரை வீட்டு வாசலில் உத்தியோகத்துக்குக் கைகட்டி நின்றவர் நம்மூர் வைதிகர்! துரையைத் தொட்டுக் கைகுலுக்கினால் தீட்டில்லை. துரைக்குச் சோறு போட்டவன் தன் கிராமத்துக் கிணற்றைத் தொட்டால் மாத்திரம் தீட்டு! இந்தத் தீட்டு எங்கே இருக்கிறது? கையிலா, கிணற்றிலா, அல்லது நம் மூளையிலா? யோசித்துப் பாருங்கள்.

இங்கே ஒருவர் கேட்கலாம்: "பெரிய ஹோட்டலில் இன்று ஜாதி கேட்பதில்லைதான், ஆனால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எங்கள் ஒரு வாரக் கூலி போய்விடுமே, அதுவும் தடுப்புச் சுவர்தானே?" என்று. நியாயமான கேள்வி. பிறப்பு இருந்த இடத்தில் பணம் வந்து உட்கார்ந்துவிட்டால் நம் வேலை முடிந்துவிடாது. பணம் யாரிடம் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். தலைமுறை தலைமுறையாக நிலமும் படிப்பும் யாருக்குக் கிடைத்தனவோ அவர்கள் வீட்டுப் பெட்டியில்தானே பெரும்பாலும் இருக்கிறது? ஆகவே பிறப்பு ஓடிப்போகவில்லை. பணப்பைக்குள் ஒளிந்து கொண்டிருக்கிறது. அதற்குப் பரிகாரம் படிப்பும் உத்தியோகமும் நிலமும் எல்லோருக்கும் பங்காவதேயன்றி, பெரிய ஹோட்டலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதல்ல.

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள். இந்த உயர்ந்த ஒயின் என்கிறார்களே, அதன் உயர்வு எங்கே இருக்கிறது? 1976-ஆம் ஆண்டு மே 24-ஆம் தேதி பாரீசிலேயே ஒரு பரீட்சை நடந்தது. பிரெஞ்சு ஒயினையும் அமெரிக்காவின் கலிபோர்னியா ஒயினையும், எது எது என்று தெரியாமல் மறைத்து ஊற்றிக் கொடுத்தார்கள். மார்க் போட்டவர்கள் பிரெஞ்சு நிபுணர்கள் ஒன்பது பேர். வெள்ளையிலும் சிவப்பிலும் முதல் இடம் கலிபோர்னியாவுக்குப் போய்விட்டது! 2001-இல் போர்தோ பட்டணத்தில் ஒயின் சாஸ்திரம் படித்த 54 மாணவர்களுக்கு, வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதை மோந்து பார்த்துச் சிவப்பு ஒயினுக்குச் சொல்லுகிற வார்த்தைகளாலேயே வர்ணித்தார்கள். கண் சொன்னதை மூக்கு ஒப்புக்கொண்டது, அவ்வளவுதான்.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. பாட்டிலின்மேல் ஒட்டிய சீட்டைப் பார்த்து 'ஆஹா' என்றவர்கள், சீட்டை மறைத்ததும் வேறு தீர்ப்புச் சொன்னார்கள். மனிதன்மேலும் பிறந்த அன்றே ஒரு சீட்டை ஒட்டி வைத்திருக்கிறோம். அந்தச் சீட்டை மறைத்துவிட்டு ஒருவன் சமைத்ததைச் சாப்பிட்டுப் பார். ஒருவன் எழுதிய பரீட்சையைத் திருத்திப் பார். ஒருவன் பேச்சைக் கேட்டுப் பார். எந்த ஜாதிச் சோறு என்று நாக்குக்குத் தெரியுமா? தெரியாது. உப்புத் தெரியும், புளிப்புத் தெரியும், உறைப்புத் தெரியும். ஜாதி ருசியைக் கண்டுபிடித்த நாக்கு இதுவரை உலகத்தில் பிறக்கவில்லை.

குடிக்கிற பண்டத்திலும் இந்தச் சீட்டு வேலைதான் நடக்கிறது. ரிக் வேதத்தில் ஒன்பதாவது மண்டலம் முழுவதும் சோமனைப் பற்றியது. தேவர்கள் குடித்தால் அது சோமபானம்; மந்திரம் சொல்லிக் குடிப்பது யாகம். பெரிய ஹோட்டலில் குடிப்பது நாகரிகம். பனையேறி இறக்கிய கள்ளைப் பாட்டாளி குடித்தால் மாத்திரம் மகாபாதகம்! கள் இறக்கும் குலம் என்று சொல்லியே நாடார் தோழர்களைக் கோயிலுக்குள் விடவில்லை. கமுதிக் கோயிலில் 1897-இல் அவர்கள் நுழைந்ததற்காகத் தொடுத்த வழக்கு சீமையிலுள்ள பிரிவி கவுன்சில் வரை போய், 1908-இல் அவர்களுக்கு விரோதமாகவே தீர்ப்பாயிற்று. ஆனால் 1929 பிப்ரவரியில் நமது செங்கற்பட்டில் நடந்த முதலாவது சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் யார்? அதே சமூகத்தில் பிறந்த டபிள்யூ. பி. ஏ. சவுந்தரபாண்டியன் அவர்கள். சட்டமும் சாஸ்திரமும் வெளியே நிறுத்தி வைத்தவர்களை இயக்கம் தலைமை நாற்காலியில் உட்கார வைத்தது. சீட்டைக் கிழிப்பது என்றால் இதுதான்.

சர்க்கார் சட்டத்தையும் சற்றுப் பாருங்கள். 1937 அக்டோபர் முதல் தேதி ஆச்சாரியார் ஆட்சி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை ஆரம்பித்தது. போன வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி போட்டது. 1948-இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971-இல் தளர்ந்தது, 1974-இல் திரும்ப வந்தது, 1981-இல் மறுபடி போயிற்று. 1983-இல் சர்க்காரே டாஸ்மாக் கம்பெனியை உண்டாக்கியது. 2003 முதல் சில்லறைக் கடையையும் அதுவே நடத்துகிறது. 1987 முதல் கள் இறக்கக் கூடாது என்று தடை! இன்று மரத்திலிருந்து கள் இறக்கிய குடியானவனுக்கும் மரமேறிக்கும் கேஸ். நட்சத்திர ஹோட்டலில் சீமை ஒயின் ஜாபிதாவை நீட்டுவதற்கு லைசென்சு. கள் இறக்குகிறவன் குற்றவாளி. ஒயின் ஊற்றுகிறவன் லைசென்சுதாரன். இரண்டிலும் போதை இருக்கிறது. ஒன்றுக்கு ஏன் விலங்கு, ஒன்றுக்கு ஏன் மரியாதை?

நாம் குடிக்கச் சொல்லி இங்கு வரவில்லை. அப்படி யாரும் திரித்துச் சொல்ல வேண்டாம். 1921-இல் பெரியார் கள்ளுக்காக விட்டிருந்த தம் தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்தார். அவரது துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் செய்தார்கள். குடியால் கூலிப் பணம் போய், பெண்டாட்டி பிள்ளைகள் பட்டினி கிடக்கிற வீடுகள் எந்த ஊரில் இல்லை? குடி கெடுதல் என்றால் எல்லோர் குடியும் கெடுதல். பகுத்தறிவைக் கொண்டு மனிதன் தன்னை அடக்கிக் கொள்ளட்டும். ஆனால் ஏழையின் மொந்தைக்கு ஒரு நீதி, சீமானின் கண்ணாடிக் கோப்பைக்கு ஒரு நீதி என்பது மனுதர்மத்தின் மறுபதிப்பு என்றுதான் சொல்லுகிறோம்.

கடைசியாக, நம் சொந்த விஷயத்துக்கு வருவோம். பாரீசையும் மவுண்ட் ரோடையும் பற்றிப் பேசுவது சுலபம். நம் கிராமங்களின் பந்தி எப்படி இருக்கிறது? தமிழ்நாட்டில் இன்றும் சில டீக்கடைகளில் ஜாதி பார்த்துத் தனி டம்ளர் வைத்திருக்கிறார்கள் என்று சேதி வந்துகொண்டுதான் இருக்கிறது. 2018-இல் திருப்பூர் ஜில்லாவில் ஒரு சர்க்கார் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில், தாழ்த்தப்பட்ட ஜாதியில் பிறந்த அம்மையார் சமைக்கக் கூடாது என்று பெற்றோர்கள் சிலர் தகராறு செய்தார்கள். அந்த அம்மையாரை வேறிடத்துக்கு மாற்றும் உத்தரவுகூடப் போயிற்று. கண்டனம் எழுந்த பிறகே உத்தரவு ரத்தாகி, கேசும் ஆயிற்று. தன் பிள்ளை பசியாறுவதைவிடத் தன் ஜாதி பசியாறுவது பெரிது என்று நினைத்த பெற்றோர்கள் அவர்கள்!

தோழர்களே! அந்தப் பள்ளிக்கூடப் பந்தி இலேசில் வந்ததா? 1920-இல் சென்னை நகரசபையில் ஜஸ்டிஸ் கட்சித் தலைவர் தியாகராயர் காலத்தில் ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு போட ஆரம்பித்தார்கள். 1956-இல் காமராசர் மாகாணமெங்கும் பகலுணவைப் பரப்பினார். 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சி அதைச் சத்துணவாக விரித்தது. 2022 முதல் காலைச் சிற்றுண்டியும் வந்துவிட்டது. இந்த நாட்டில் உயர்ந்த சாப்பாட்டுச் சாலை எது என்று நம்மைக் கேட்டால், வெள்ளிக் கோபுரத்தையும் சொல்ல மாட்டோம், கன்னிமாராவையும் சொல்ல மாட்டோம். எந்தத் தெருப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே அண்டாச் சோற்றை ஒரே கரண்டியால் வாங்கிச் சாப்பிடுகிற பள்ளிக்கூடத் தாழ்வாரத்தைத்தான் சொல்லுவோம். அங்கே ஜாதியும் கேட்பதில்லை, விலையும் கேட்பதில்லை. பசி ஒன்றே யோக்கியதை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியவை மூன்று. தனி டம்ளர் வைக்கிற கடையில் எந்த ஜாதியான் ஆனாலும் டீ குடிக்காதீர்கள். கடைக்காரனுக்கு நஷ்டம் வந்தால் ஞானம் தானே வரும். உங்கள் வீட்டுக் கலியாணத்துக்கு எல்லாத் தெருக்காரரையும் கூப்பிட்டு ஒரே பந்தியில் உட்கார வையுங்கள். கூப்பிட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் இலை போடுவது கூப்பிடாமல் இருப்பதைவிடக் கேவலம்.

மூன்றாவதுதான் பலருக்குக் கசப்பாக இருக்கும். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் உங்கள் அடுப்பங்கரையை எட்டிப் பாருங்கள். சமைத்தவள் கடைசியில், மீந்ததை, ஆறிப்போனதைச் சாப்பிடுகிறாள் அல்லவா? ஜாதி ஒழிய வேண்டும் என்று இங்கே கை தட்டிவிட்டு, வீட்டில் ஆணுக்கு முதல் பந்தி, பெண்ணுக்குக் கடைசிப் பந்தி என்றால் நீங்களும் ஒரு பலகை மாட்டி வைத்திருக்கிறீர்கள் என்றே அர்த்தம். அந்தப் பலகையை எடுக்க மறியல் வேண்டாம், ஜெயிலுக்கும் போக வேண்டாம். இன்று இராத்திரியே, "நீயும் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்" என்று சொன்னால் போதும்.